நல்ல டயர் போட்ட வண்டி

நல்ல டயர் வைத்திருப்பதும் ஒரு குற்றம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஈலோய்லோ ஊரில் எங்கள் தடத்தில் ஜீப்னி என்கிற பயணிகள் வண்டி ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தகுதிச் சோதனை நாளில், யார் வண்டியில் நல்ல டயர் இருக்கிறதோ அது எல்லோருக்கும் பொது. சோதனைக்கூடத்துக்குப் பின்னால் வாழைத்தோப்பில் ஒரு வண்டியிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவார்கள். போன மாதம் புது டயர் போட்டவர் என் புருஷன் செபியோ. பிறகு கேட்கவா வேண்டும்?

"மொதல்ல நம்ம வண்டியக் காட்டிட்டு அப்புறம் குடுங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"கும்பாரே கேக்கறாரு. எப்படி மாட்டேங்கறது?" என்றார்.

கும்பாரே என்றால் டமாசோ, எங்கள் மகளுக்கு ஞானத்தகப்பன். ஞானத்தகப்பனும் பெற்றவரும் ஒருவரையொருவர் கும்பாரே என்பார்கள்; பெற்றவள் கும்மாரே. அந்த உறவைச் சொல்லி யார் எதைக் கேட்டாலும் இந்த மனுஷன் வாயில் 'இல்லை' வராது.

டமாசோ எங்கள் டயரோடு உள்ளே போய், கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய வெளியே வந்தார். அவருடைய மொட்டை டயர்கள் அவர் வண்டிக்கே போயின. எங்களுடையதை மாட்டிக்கொண்டு நாங்கள் உள்ளே போனோம்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வில்யாருஸ் குனிந்து, டயரின் உள்பக்கம் டார்ச் அடித்துச் சிரித்தார்.

"வாம்மா வா! இன்னிக்கு வந்த எல்லா டயருக்கும் உள்பக்கம் மஞ்சப் புள்ளி வச்சு அனுப்பினேன். இது ரெண்டாந்தடவையா வந்திருக்கு. யாரோடது?"

"எங்களுதுதான் சார்!"

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. இதப் போட்டுட்டு முன்னாடி வந்தவன் பேரச் சொல்லு. அவன் நம்பர் பிளேட்டக் கழட்டறேன், உங்கள விட்டுடறேன்."

நான் வாயைத் திறந்தேன். செபியோ என் காலை மிதித்தார்.

"தெரியாது சார்" என்றார்.

அவ்வளவுதான். எங்கள் பிளேட்டைக் கழற்றினார்கள். கண்ணாடியில் 'சாலையில் ஓடத் தகுதியற்றது' என்று சிவப்பில் எழுதினார்கள். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே அந்த வண்டியால்தான். அதை அந்தப் புது டயரோடேயே கூடத்தில் விட்டுவிட்டு வெளியே வந்தோம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. வாசலில் டமாசோ காத்திருந்தார். நடந்ததைச் சொன்னதும், "நல்லவேளை, எம் பேரச் சொல்லல. ஏறுங்க கும்மாரே, வீட்ல விட்டுடறேன்" என்றார்.

வேறு வழியில்லாமல் ஏறினோம். மனுஷன் நேராக வீட்டுக்கா போனார்? வழி நெடுக ஆள் ஏற்றினார். எல்லாம் வழக்கமாக எங்கள் வண்டியில் வருகிறவர்கள். மீன்கார லூமிங் கூடையோடு ஏறி என்னைப் பார்த்ததும், "உங்க வண்டி எங்க?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் டமாசோ முந்திக்கொண்டார். "அது ஓட்ட லாயக்கில்லன்னு நிறுத்திட்டாங்க. பிள்ளகுட்டிங்க ஏறுற வண்டி பாருங்க, சும்மா விடுவாங்களா?"

இறங்குவதற்காகக் கூரையைப் படபடவென்று தட்டினேன். டமாசோ பிரேக்கை மிதித்தார். மொட்டை டயர் ஈர ரோட்டில் வழுக்கிக்கொண்டே போய், பள்ளிக்கூட வாசலில்தான் நின்றது. ஒரே குடைக்குள் நின்ற இரண்டு பிள்ளைகள் அலறிக்கொண்டு பின்னால் குதித்தார்கள். ஒரு முழம் தள்ளியிருந்தால் அவர்கள் மேல்தான் ஏறியிருக்கும்.

செபியோ இறங்கினார். அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் ஆகலியே கும்பாரே, ஏறுங்க" என்றார் டமாசோ.

செபியோ வந்த வழியே திரும்பி, சோதனைக்கூடத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

"கும்பாரே! எங்க போறீங்க? கும்பாரே!" டமாசோவின் குரல் உடைந்துபோனது.

நானும் இறங்கினேன். "நடக்காதீங்க, ஓடுங்க! ஆபீச மூடிடப் போறாங்க!" என்று மழையில் கத்தினேன்.