திறந்து கிடந்த வயிறு

திங்கட்கிழமை மாலை ஏழரை மணிக்குத் திறந்த வயிறு, வியாழக்கிழமை மதியம் வரை மூடப்படவில்லை.

திறந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் 'பெரிய டாக்டர்' என்று கொண்டாடப்படும் தொடர் நாயகன். மூன்று வருடத்தில் இருநூறு ஆபரேஷன் செய்து, ஒரு நோயாளியைக்கூட மேலே அனுப்பாதவர். படுத்திருப்பவரோ பெரிய டாக்டரின் பழைய காதலியைக் கட்டிக்கொண்ட கணவர். இப்படிப்பட்ட வயிற்றைத் திறப்பது சுலபம். எப்படி மூடுவது என்பதுதான் அந்தத் தொடரை எழுதும் கதைக்காரிக்குத் தெரியவில்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. திங்களன்று வயிற்றைத் திறந்ததும் கரண்ட்டை நிறுத்தினாள். செவ்வாயன்று பெரிய டாக்டரைக் கையில் கத்தியோடு பழைய காதலை நினைக்க வைத்தாள். புதனன்று ஆஸ்பத்திரி முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து மிரட்டினார். வியாழனன்று நோயாளியின் இதயக் கோடு படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. காலையில் படம்பிடித்து மாலையில் ஒளிபரப்பும் அவசரத் தொழில் அது. கையில் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துவிட்டது.

நேயர்களும் பொறுமை இழந்துவிட்டார்கள். "அந்த மனுஷனுக்குக் குளிராதா? மேல ஒரு போர்வையாவது போடுங்க" என்று ஒரு அம்மாள் அலுவலகத்துக்கே போன் செய்து அழுதாள்.

"இதோ பாரும்மா, நாளைக்குக் காலையில வயித்த மூடு. இல்லேன்னா ஆளை மூடு" என்றார் தயாரிப்பாளர். "ஆனா ஆளை மூடினா பெரிய டாக்டர் பேரு போயிடும். அவர் பேரு போனா, முதல்ல வீட்டுக்குப் போறது நீதான். வேற எழுத்தாளர் ரெடியா இருக்காரு."

"தையல் போட்டு மூடிட வேண்டியதுதானே சார்?"

"எப்படி மூடுவாங்க? யார் என்ன சொல்லுவா, முதல்ல எதை எடுப்பாங்க? எழுதிக் குடு, எடுத்துடறேன்."

அங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் ரகம் அவள். கம்ப்யூட்டரில் ஆபரேஷன் வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்து, மூன்றாவது நிமிடத்தில் நாற்காலியோடு சாய்ந்தாள். மாடி வீட்டுப் பல் டாக்டரைக் கேட்டாள். "நான் வாயோட நிறுத்திக்கறவன்மா. வயிறு வரைக்கும் போறதில்ல" என்று கும்பிட்டுவிட்டார்.

பிறகு எப்படி மூன்று வருடம் ஆஸ்பத்திரித் தொடர் எழுதினாள் என்றால், எல்லாம் அண்ணியின் புண்ணியம்.

அவளுடைய அண்ணனின் மனைவி, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் இருபது வருடமாகத் தலைமை நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி, காலை நீட்டி உட்கார்ந்ததும் நாத்தனாருக்கு போன் போடுவாள். யாருக்கு என்ன ஆபரேஷன், எந்த டாக்டர் எந்தக் கத்தியைக் கேட்டார், எவன் மயங்கி விழுந்தான் என்று ஒரு மணி நேரம் கொட்டுவாள். கதைக்காரி பேனாவைப் பிடித்தபடி "ம்" கொட்டுவாள். மறுநாள் அது பெரிய டாக்டர் வாயில் வசனமாகும்.

இந்த நல்ல ஏற்பாட்டில் மண்ணை அள்ளிப் போட்டதும் கதைக்காரிதான். தொடரில் சிரிப்புக்கு ஆள் வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டபோது, ஒரு 'சிடுசிடு சிஸ்டர்' பாத்திரத்தை உள்ளே விட்டாள். தடித்த கண்ணாடி, இடுப்பில் கை, எந்நேரமும் எரிந்து விழும் வாய். ஆபரேஷன் நடுவே வம்பளக்கும் சின்ன டாக்டர்களிடம் அண்ணி சொல்லும் வாசகத்தை அப்படியே தூக்கி அந்த வாயில் வைத்தாள்: "வாய்க்கு லீவு குடுங்க, கைக்கு வேலை குடுங்க!"

வசனம் பற்றிக்கொண்டது. கடைகளில், பேருந்துகளில், கல்யாண வீடுகளில் எல்லாம் அதுதான் பேச்சு. மூன்று வாரத்துக்கு முன்னால் அண்ணியின் போன் நின்றுபோனது. பெரிய டாக்டரை இரண்டு வாரம் வெளிநாட்டு மாநாட்டுக்கு அனுப்பிச் சமாளித்தாள் கதைக்காரி. "டாக்டர் தொடர்ல டாக்டர் மாநாட்டுல உட்கார்ந்திருந்தா யாரு பார்ப்பா? கத்தியை எடுக்கச் சொல்லு" என்று தயாரிப்பாளர் கத்திய பிறகுதான் இந்த வயிறு திறக்கப்பட்டது.

தூதுக்கு அண்ணனைப் பிடித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சாது.

"பாப்பா, என்னை விட்டுடு" என்றான் அண்ணன். நாற்பது வயதிலும் அவனுக்கு அவள் பாப்பாதான். "நேத்து உன் பேரை எடுத்தேன். 'வாய்க்கு லீவு குடுங்க'ன்னாப் பாரு, ராத்திரி சாப்பாடு வரைக்கும் நான் வாயைத் திறக்கலை. அவளே சொல்றப்ப சிரிப்பு வரலை, பயம்தான் வருது."

"என்ன கோவம்னு சொன்னாங்களா?"

"சொல்லலை. அதுதான் பயமா இருக்கு."

வேறு வழியில்லாமல் வியாழன் பிற்பகல் கதைக்காரியே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மருந்து நெடி தாக்காமல் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, தியேட்டர் வாசலில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிரே சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்தில் யாரோ ஒருவருடைய மாமனாரும் மச்சானும் முகம் வெளிறிக் காத்திருந்தார்கள்.

விளக்கு அணைந்தது. பச்சை உடுப்போடு அண்ணி வெளியே வந்தாள். "நல்லபடியா முடிஞ்சது. ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றாள் அந்த மாமனாரிடம்.

முகத்தில் உயிர் வந்த மச்சான் பல்லைக் காட்டினான். "அட, சிடுசிடு சிஸ்டர்! அப்பா, அதே குரல் பாருங்க! சிஸ்டர், அந்த டயலாக்கை ஒரு தடவை சொல்லுங்களேன்."

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டாள். அப்போதுதான் பெஞ்சில் இருந்த நாத்தனாரைப் பார்த்தாள். பார்வையாலேயே அழைத்து, துணி அடுக்கும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"வந்தது எதுக்கு? என்னைப் பார்க்கவா, வயித்தை மூடவா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்த கதைக்காரி, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கண்களைப் பார்த்ததும் கைவிட்டாள்.

"ரெண்டுக்கும்தான் அண்ணி. வயித்துக்கு நாளைக்குக் கெடு. உங்களுக்குக் கெடு தாண்டி மூணு வாரம் ஆச்சு. தப்பு பண்ணிட்டேன்."

"என்ன தப்பு பண்ணின? சொல்லு, கேக்கறேன்."

"உங்களைக் கேக்காம எழுதிட்டேன்."

"கேக்காம எழுதினது பரவாயில்லடி. நான் வீட்டுல பேசறதெல்லாம் நீ எழுதறேன்னு தெரிஞ்சுதான பேசினேன்?" அண்ணி மடித்த பச்சைத் துணியை எடுத்து உதறி மறுபடி மடித்தாள். "என் வாயை மட்டும் எழுதின. நான் அங்க நின்னு என்ன செய்யறேன்னு ஒரு வரி எழுதினியா? உன் டாக்டர் தானே திறக்கறான், தானே வெட்டறான், தானே தைக்கறான். நர்ஸுக்கு என்ன வேலை? கத்தறது. போன வாரம் மீட்டிங்ல எங்க தலைமை சர்ஜனே 'வாய்க்கு லீவு குடுங்க சிஸ்டர்'ங்கறார். அம்பது பேர் சிரிக்கறாங்க. அந்த மனுஷனை ஒரு நாள் இருபத்தஞ்சு நிமிஷம் அசையாம நிக்க வெச்சவ நான்."

கதைக்காரி நிமிர்ந்தாள். "நிக்க வெச்சீங்களா? எதுக்கு?"

"எண்ணிக்கை சரியில்லை."

"என்ன எண்ணிக்கை?"

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று வருடம் ஆஸ்பத்திரித் தொடர் எழுதியவள் கேட்கிற கேள்வியா இது என்று அர்த்தம். "ரத்தம் ஒத்தி எடுக்கற காஸ் துணி இருக்கே, வயித்தைத் திறக்கறதுக்கு முன்னாடி அதை எண்ணி வெப்போம். மூடறதுக்கு முன்னாடி மறுபடி எண்ணுவோம். ரெண்டு பேர் பார்த்து, சத்தமா எண்ணணும். ஒண்ணு குறைஞ்சாலும் அது உள்ள இருக்கலாம் இல்லியா? 'சரியா இருக்கு'ன்னு நான் சொல்லாம, எப்பேர்ப்பட்ட சர்ஜனும் மூட மாட்டார்."

"கிடைக்கலைன்னா?"

"கிடைக்கற வரைக்கும் தேடணும். அன்னிக்கு அவர் குதிகுதின்னு குதிச்சார். 'எனக்குத் தெரியும், உள்ள இல்லை, மூடறேன்'னார். 'மூடக் கூடாது சார்'னு நின்னேன். கடைசியில அவர் செருப்புக்கு அடியில ஒட்டிட்டு இருந்தது."

கதைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. மயிர்க்கூச்செறிந்தது. "அண்ணி, எவ்வளவு நேரம் வேணாலும் தேடலாமா?"

"தேடித்தான் ஆகணும்."

"நாலு நாள் தேடலாமா?"

அண்ணியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே இறுக்கிக்கொண்டாள். "நாளைக்கு எனக்கு வார லீவு. நீ என்ன எழுதறேன்னு நேர்ல வந்து பார்க்கறேன். அதுக்கப்புறம்தான் உன்கூடப் பேசறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவேன்."

வெள்ளிக்கிழமை காலை படப்பிடிப்புத் தளத்தில் பெரிய டாக்டர் வசனத் தாளைப் படித்துவிட்டுத் தூக்கிப் போட்டார்.

"நான் யாரு? இருநூறு ஆபரேஷன் பண்ணினவன். ஒரு நர்ஸு 'நிறுத்துங்க'ன்னு சொல்லி நான் நிக்கறதா? அதுவும் சிரிப்பு நர்ஸு! ரசிகர்கள் என்னை என்ன நினைப்பாங்க? நானே கண்ணை மூடி யோசிச்சுக் கண்டுபிடிக்கற மாதிரி மாத்தும்மா."

இதுவரை அவர் 'மாத்து' என்றால் கதைக்காரி பேனாவை எடுப்பாள். இன்று தளத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கைப்பையோடு அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

"மாத்த முடியாது சார்" என்றாள் கதைக்காரி. "நாலு நாளா ஏன் மூடலைன்னு ஊரே கேக்குது. உங்களுக்கு மூடத் தெரியலைன்னு சொல்லவா, இல்ல நர்ஸ் விடலைன்னு சொல்லவா?"

பெரிய டாக்டர் யோசித்தார். தயாரிப்பாளர் யோசிக்கவே இல்லை. "நர்ஸ் விடலை! விளக்கைப் போடு!"

நோயாளி நடிகர் சட்டையில்லாமல் மேஜையில் படுத்தார். மேலே பச்சைத் துணி, நடுவே ரப்பர் வயிறு. பெரிய டாக்டர் கையை நீட்டினார். "தையல் ஊசி!"

"நிறுத்துங்க டாக்டர். ஒண்ணு குறையுது" என்றாள் சிடுசிடு சிஸ்டராக நடிக்கும் பெண். பிறகு தட்டில் இருந்த துணிகளை விரலால் தட்டி, "ஒண்ணு ரெண்டு மூணு நாலு…" என்று ரயில் ஓட்டினாள்.

"இப்படியா எண்ணுவாங்க?"

குரல் கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்தது. கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு அண்ணி மேஜையருகே வந்துவிட்டாள். "ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் போடும்மா. ரெண்டு ஒட்டியிருந்தா ஒண்ணுன்னு நினைப்பே. நீங்க, டாக்டர், கையைக் கீழ தொங்கப் போடாதீங்க. நெஞ்சுக்கு நேரா வைங்க. அங்கயே நில்லுங்க."

பெரிய டாக்டரின் கை தானாக நெஞ்சுக்கு நேராக எழுந்தது. இயக்குனர் 'கட்' சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். கேமரா ஓடியது.

"எத்தனை வெச்சீங்க?" என்றாள் அண்ணி, தளத்தில் பொருள் வைப்பவரிடம்.

"பத்துங்க. பாக்கெட்டைப் பிரிச்சு நானே எண்ணி வெச்சேன்."

அண்ணியும் நடிகையும் சேர்ந்து சத்தமாக எண்ணினார்கள். ஒன்பது. மறுபடி எண்ணினார்கள். ஒன்பதேதான்.

"அட, கதையிலயும் ஒண்ணு குறையணும்தானே? பொருத்தமாப் போச்சு" என்றார் தயாரிப்பாளர். "எடுங்க, எடுங்க."

"அது கதை. இது எண்ணிக்கை" என்றாள் அண்ணி. "பத்து வெச்சா பத்து வரணும். யாரும் நகரக் கூடாது."

"அம்மா, இது ரப்பர் வயிறு!"

"இருக்கட்டும்."

அடுத்த பத்து நிமிடம் தளமே தரையில் கிடந்தது. இயக்குனர் மேஜைக்கு அடியில் ஊர்ந்தார். தயாரிப்பாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார். பெரிய டாக்டர் மட்டும் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்தபடி வேர்த்து நின்றார். "நான் ஒண்ணும் எடுக்கலை சிஸ்டர்" என்றார் இரண்டு முறை, யாரும் கேட்காமலே.

பச்சைத் துணிக்குள்ளிருந்து 'ஹச்' என்று ஒரு தும்மல் வெடித்தது.

அண்ணி துணியை விலக்கினாள். நாலு நாளாகப் பேச்சுமூச்சில்லாமல் படுத்திருந்த நோயாளி, அக்குளில் கசங்கிய காஸ் துணியை இடுக்கிக்கொண்டு திருட்டு முழி முழித்தார்.

"மன்னிச்சுக்குங்க. திங்கட்கிழமையிலேர்ந்து சட்டையில்லாம படுத்திருக்கேன். ஜலதோஷம் புடிச்சுக்கிச்சு. கையெட்டற தூரத்துல துணி இருந்தது, மூக்கைத் துடைச்சுக்கிட்டேன்."

அண்ணி அதை இடுக்கியால் எடுத்து, ஒன்பதுக்குப் பக்கத்தில் பத்தாவதாகப் போட்டாள். கண்ணாடி வழியே ஒரு முறை எல்லாவற்றையும் பார்த்தாள். பெரிய டாக்டர் அவள் முகத்தையே பார்த்தார். இயக்குனரும், தயாரிப்பாளரும், மேஜைக்கு அடியிலிருந்து எழுந்த மற்றவர்களும் அப்படியே. ஒருவரும் மூச்சு விடவில்லை.

"சரியா இருக்கு" என்றாள் அண்ணி. "இப்ப மூடலாம் டாக்டர்."

"தாங்க்ஸ் சிஸ்டர்" என்றார் பெரிய டாக்டர். அது தாளில் இல்லாத வசனம்.

அண்ணி தெரிகிற இடங்களை நறுக்கிவிட்டு, அவள் குரலை நடிகையின் வாயில் ஏற்றி, மீதியை அன்று மாலையே ஒளிபரப்புவதாக இயக்குனர் துள்ளிக் குதித்தார். நோயாளிக்கு யாரோ போர்வை கொண்டுவந்தார்கள். கதைக்காரி மெல்ல நாற்காலி பக்கம் போய் நின்றாள்.

அண்ணி கைப்பையைத் திறந்து தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த வாரம் என்ன ஆபரேஷன்?"

"தலையில அண்ணி. மூளைக்குப் பக்கத்துல ஒரு கட்டி."

"தலையில உனக்கு என்னடி தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது."

"எனக்கும் தெரியாது. தலைக்கு வேற தியேட்டர், வேற ஆளுங்க." அண்ணி நகர்ந்து பாதி நாற்காலியை விட்டுக் கொடுத்தாள். "கழுத்துக்குக் கீழதான் நம்ம எல்லை. உன் டாக்டரை மேல ஏறாம இருக்கச் சொல்லு. உட்காரு, குடல்ல ஒரு கேஸ் சொல்றேன், எழுதிக்க."