ஒன்பது வீட்டு ஃபைல்

அன்று காலை ஜாஹிதாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னே, சும்மாவா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போகிற பெண்களின் குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் கட்டப் போகிறாள். வாப்பா கொடுத்த மனை, அதில் ஒரே ஒரு பெரிய அறை, மேலே கான்கிரீட் கூரை. திங்கட்கிழமை பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து துஆ ஓதிக் கடைக்கால் போடுகிறார்கள். ஜூன் முதல் தேதி திறந்துவிடுவேன் என்று பன்னிரண்டு தாய்மார்களுக்கு வாக்கும் கொடுத்தாயிற்று.

கட்டப் போகிற கான்ட்ராக்டர் சரவணகுமார், அவள் கணவன் மொஹசின் பிடித்துவந்த ஆள். ஒன்பது வீடுகளின் அனுமதி நகலை ஒரு ஃபைலில் போட்டுக் காட்டி, "எல்லாம் நான் கட்டினதுதான்க்கா" என்று அவன் சொன்னதும் மொஹசின் சொக்கிப் போனான். ஜாஹிதா சொக்குகிற ஆளா! பத்து வருஷம் ஃபேக்டரியில் தரம் பார்த்து முத்திரை குத்தினவள். ஃபைலிலிருந்த லைசென்ஸ் ஜெராக்ஸில் நம்பர் பளிச்சென்று இருக்கிறது, பெயர் இருக்க வேண்டிய இடம் மட்டும் கருகருவென்று இருக்கிறது. அது எப்படி?

"ஏன் ஜாஹிதா பேஜாரு பண்ற? நல்ல பையன்" என்றான் மொஹசின்.

"நல்ல பையனாவே இருக்கட்டும். ஒரு தபா விசாரிச்சா இன்னா கொறஞ்சிடும்?" என்று ஃபைலை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு திருவள்ளூருக்குக் கிளம்பிவிட்டாள்.

கட்டட அனுமதி அலுவலகத்தில் இருந்த அம்மாள் நம்பர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ஒன்பதும் நிஜம்! ஜாஹிதாவுக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போல இருந்தது. ஆனால் ஒன்றில்கூட சரவணகுமார் பெயர் இல்லை. ஒன்பதிலும் பொறியாளர் அத்திப்பட்டு எட்வர்ட். லைசென்ஸ் நம்பரும் அவருடையதுதான். அதிலும் ஒன்பதாவது வீட்டில், 'பொறியாளர் பாதியில் விலகிக்கொண்டார்' என்று ஒரு குறிப்பு.

யாரப்பா இந்த எட்வர்ட்? பசி, தாகம் எதுவும் தெரியவில்லை. ஸ்கூட்டியை நேரே அத்திப்பட்டுக்கு விட்டாள்.

எட்வர்டுக்கு ஐம்பது வயதிருக்கும். ஃபைலைப் புரட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அவன் சொன்னது பொய் இல்லம்மா. ஒம்போது வூட்லயும் கல்லு வச்சது அவன்தான். என்கிட்ட மேஸ்திரியா இருந்தான். ஆனா பிளானு, அனுமதி, கையெழுத்து எல்லாம் என்னுது. அவனுக்கு லைசென்ஸே கெடையாது."

"ஒம்போதாவது வூட்ட ஏன் சார் பாதியில உட்டீங்க?"

அவர் சிரிப்பு நின்றது. "வூட்டுக்காரருக்குக் குடிபோற அவசரம். நான் ஊர்ல இல்லாதப்ப, கூரைக்கு முட்டுக் கொடுத்த சென்ட்ரிங்க ஏழாம் நாளே இவன் பிரிச்சிட்டான். கான்கிரீட்டு அதுக்குள்ள இறுகுமா? கூரை வெடிப்பு உட்டுடுச்சு. அன்னிக்கே வெளிய வந்துட்டேன்."

முந்தாநாள் ஜாஹிதா வீட்டில் உட்கார்ந்து, "ஏழே நாள்ல பிரிச்சிடலாம்க்கா, ஜூன்ல தெறந்துடலாம்" என்று அதே சரவணகுமார் சொன்னான். கெட்டிக்காரப் பையன் என்று பூரித்துப்போய் அவனுக்கு இரண்டாவது டீ ஊற்றினவள் அவள்தான். அந்தக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு பிள்ளைகள் தூங்கியிருக்குமே! யா அல்லாஹ்!

"எங்க காப்பகத்த நீங்களே கட்டிக் குடுங்க சார்" என்று எட்வர்டிடம் கேட்டுவிட்டு, அங்கிருந்தே சரவணகுமாருக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். "சார் பக்கத்துல கீறாராக்கா? நான் மேஸ்திரியாவே வரேன்னு சொல்லு. இனிமே அவரு சொல்ற அன்னிக்குத்தான் பிரிப்பேன்" என்றான்.

ஃபோனைக் கேட்டுக்கொண்டிருந்த எட்வர்ட் தாடையைச் சொறிந்தார். "சுவரு வைக்கிறதுல அவன அடிச்சிக்க ஆளில்ல. வரச் சொல்லு. ஆனா உனக்கும் ஒரு கண்டிஷன்மா. என் பேர்ல புதுசா அனுமதி வாங்கி, அப்புறம்தான் கடைக்கால். ஆகஸ்ட்டுக்கு முன்னால தெறக்க முடியாது."

திங்கட்கிழமைக் கடைக்காலும் போயிற்று, ஜூன் திறப்பும் போயிற்று! ஆனால் ஜாஹிதாவுக்கு அழுகை வரவில்லை. சிரிப்புதான் பொங்கிக்கொண்டு வந்தது. தப்பித்தோம், தப்பித்தோம் என்று உள்ளே ஒரே கும்மாளம். "ஆகஸ்ட்டே இருக்கட்டும் சார்!" என்று எழுந்துவிட்டாள்.

வாசலுக்கு வந்ததும் தாய்மார்களில் முதல் ஆளான பூமிகாவை ஃபோனில் கூப்பிட்டாள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவள் பதறி எழுந்தாள்.

"இன்னாக்கா, ஆகஸ்ட்டா? பாப்பாவ இப்ப உடுற எடத்துல மே மாசத்தோட வேணாம்னு சொல்லிட்டேனே! ரெண்டு மாசம் பாப்பாவ எங்க உடுவேன்?"

ஜாஹிதா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "என் வூட்டுக்குக் கூட்டிக்கினு வா. நடு ஹால காலி பண்ணிடுறேன். மத்த பதினோரு பேருக்கும் இப்பவே சொல்லப் போறேன்" என்றாள். அடுத்த நம்பரை அழுத்தும்போதுதான், மொஹசினிடம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது ஞாபகம் வந்தது.