ஈரச் சுவரில் ஒட்டிய இலைகள்

கொத்தனாருக்குச் சுவர் என்றால் பயம் கிடையாது. கயிற்றில் தொங்கும் பலகையில் நின்றுகொண்டு, வாயில் பீடி புகைய, மாடி மாடியாக வெளிப்பூச்சு முடித்துவிட்டு இறங்குகிற ஆள். அவன் பூசிய சுவரில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் அசையாமல் நிற்கும். அதனால் வேலையிடத்தில் அவனுக்கு ரசமட்டம் என்றே பெயர். பொழுது சாய்ந்தால் அந்தக் குமிழி ஒரு பக்கமாக ஓடிவிடும் என்று சித்தாள்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் காதிலும் விழும். அப்படிப்பட்டவன் தான் வாடகைக்கு இருந்த வீட்டு நுழைவில் ஒரு சுவரை மட்டும் நிமிர்ந்து பார்க்காமல் போய் வந்துகொண்டிருந்தான்.

கதவைத் திறந்தால் இரண்டு பேர் ஒதுங்கி நிற்கிற அகலத்தில் ஒரு நடை. இடப்பக்கம் செருப்பு அடுக்குகிற தட்டு. வலப்பக்கம் அந்தச் சுவர். அதில் அவன் மனைவியின் தலை உயரத்தில் ஒரு பள்ளம். குடித்துவிட்டு வந்து அவள் முடியைப் பிடித்து மோதியதில் விழுந்தது. மட்டமான பூச்சு, மணல் கூடுதல், அதனால்தான் பெயர்ந்துவிட்டது என்றுதான் மறுநாள் காலை அவன் புத்தி முதலில் யோசித்தது. அவள் தலையைப் பற்றி அப்புறம்தான் நினைத்தான். அதற்குள் அவள் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. அவளைப் பிடித்து நிறுத்த அங்கே ஒன்றுமில்லை.

அவள் போன பிறகு குடியை நிறுத்தினான். நடுவில் ஒரு தடவை தவறினான். அதையும் யாரிடமும் மறைக்கவில்லை. மாதக்கணக்கில் ஆள்விட்டுப் பார்த்தான், பதிலே வரவில்லை. கடைசியில் லாரி ஓட்டுகிற அவளுடைய அண்ணனே போனில் கூப்பிட்டான்.

"மாப்ள, ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு வர்றேன். இருக்கேன்னு சொன்னா விட்டுட்டுப் போறேன். மாட்டேன்னா கூட்டிட்டுப் போயிடுவேன், அதோட முடிஞ்சுது. நடுவுல நீ கால்ல விழறது, நான் பஞ்சாயத்து பண்றது, ஒண்ணும் கிடையாது."

"இப்பல்லாம் குடிக்கறதில்ல மச்சான்."

"அதை எதுக்கு என்கிட்ட சொல்றே? என்னையா கட்டிக்கிட்டே?" என்றவன், கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "அவ ஒண்ணுதான் கேட்டா. அந்தச் சுவரு இன்னும் அப்படியேதான் இருக்கான்னு கேட்டா."

அன்றைக்கே பள்ளத்தில் பட்டி மாவைக் குழைத்து வைத்து அடைத்தான். தேய்த்துச் சமமாக்கினான். விரலால் தடவினால் இருந்த இடமே தெரியாது. ஆனால் அழுக்கேறிய மஞ்சள் சுவரில் அந்த வெள்ளை வட்டம், காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி, கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது. பள்ளமே தேவலை என்று ஆகிவிட்டது. பெயிண்ட் அடிக்கலாமா என்று மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவிடம் போய்க் கேட்டான்.

"அடிச்சா வீடு பூரா அடி. ஒரு சுவத்துக்கு ஒரு கலர் அடிக்க இதென்ன சர்க்கஸ் கூடாரமா?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

வழி சொன்னவன் பக்கத்து வீட்டு டெய்லர்தான். "ஒட்டற பேப்பர் இருக்குண்ணே. பின்னாடியே பசை இருக்கும். ஒட்டலாம், வேண்டாம்னா உரிச்சுடலாம். மாடியில இருக்கற வீட்டுக்காரம்மாவுக்கு மூக்குல வேர்க்காது."

கடையில் இருந்த பையன் முதலில் செங்கல் படம் போட்ட சுருளை விரித்தான். கொத்தனாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நாள் பூரா செங்கல்லதான் தம்பி சாகறேன். வீட்டுக்குள்ளயும் அதுவா?" கடைசியில் வெளிர்ப் பச்சையில் கொடியும் இலையுமாக ஓடுகிற ஒன்றை எடுத்தான். அவளுக்குப் பச்சை பிடிக்கும் என்று நினைத்தான். பிடிக்குமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"சுவர் நல்லாக் காஞ்சிருக்கணும்ணே. கொஞ்சங்கூட ஈரம் ஆகாது" என்றான் பையன், சுருளைச் சுற்றிக்கொண்டே.

"சுவத்தைப் பத்தி எனக்கே பாடமா?" என்று வாங்கிக்கொண்டு வந்தான்.

ஞாயிறு காலை செருப்புத் தட்டை நகர்த்தி, சுவரைத் தூசி தட்டி, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். பையன் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் காய்ந்த சுவரில் எதுவும் நிற்காது என்பது அவன் உடம்பில் ஊறிப்போன விஷயம். காய்ந்த சுவர் பூச்சிலிருக்கிற தண்ணீரைக் குடித்துவிடும், குடித்தால் பூச்சு வெடித்துப் பெயரும். மேஸ்திரியிடம் முதன்முதலில் உதை வாங்கியதே சுவரை நனைக்காமல் சாந்து அப்பியதற்குத்தான். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் விற்கிறவனுக்குச் சுவர் குடிக்கிறது தெரியுமா என்ன? தண்ணீரை அள்ளி அள்ளி அடித்தான். சுவர் ஆசையாகக் குடித்தது. பள்ளத்தில் வைத்த பட்டியும் சேர்ந்து குடித்தது. மேலே துணியால் ஒற்றி, கொஞ்சம் பொறுத்து, உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கைக்கு ஈரம் தெரியவில்லை. ஒட்டினான்.

மட்டப்பலகையில் துணி சுற்றி மேலிருந்து கீழாக இழுத்தான். ஒரு கொப்புளம் இல்லை. ஒரு தாளின் இலை அடுத்த தாளின் காம்பில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. வேலை முடிந்ததும் வெளியே போய், கதவைச் சாத்தி, வந்து போகிற ஆள் மாதிரி திறந்து பார்த்தான். வேறு யாருடைய வீடோ போல இருந்தது. அவனுக்கு அது பிடித்திருந்தது.

வெயில் இறங்குகிற நேரத்தில் அவர்கள் வந்தார்கள். அண்ணன் முன்னால், அவள் பின்னால். அவள் கையில் பை இருந்தது. பை சின்னதுதான் என்றாலும் அதைப் பார்த்ததும் கொத்தனாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. வெறுங்கையோடு வந்திருந்தால் தங்க வரவில்லை என்று ஆகியிருக்கும், பையோடு வந்தவளை நம்பலாம் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

அவள் நடையில் நின்று சுவரைப் பார்த்தாள். எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்த்தாள். அங்கே இரண்டு இலைகள் இருந்தன.

"நல்லாயிருக்கு" என்றாள்.

செருப்பு வாரை அவிழ்க்க, பழைய வழக்கப்படி, ஒரு கையைச் சுவரில் ஊன்றினாள். ஒரு செருப்பைக் கழற்றினாள். ஊன்றிய கையின் கீழ் தாள் நகர்ந்தது. அவள் கையை எடுத்து விரல்களைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவனிடம் சித்தாளாக இருந்தவள் அவள். அவனுக்காக எத்தனையோ சுவர்களில் தண்ணீர் அடித்தவள்.

"நனைச்சீங்களா?"

அவன் வாளியைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"ஐயோ, நனைச்சிருக்காரு!" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஸ்டிக்கர் பேப்பருக்கு எவனாவது சுவத்தை நனைப்பானா? நாளைக்கு இதுக்கு சிமெண்ட் பால் வேற அடிப்பீங்களா?"

"மாப்ள, ஒரு வாரம் தண்ணி ஊத்திப் பாரு, இலையெல்லாம் துளிர்த்தாலும் துளிர்க்கும்" என்றான் அண்ணன்.

கொத்தனாரும் சிரித்துவிட்டான். மூன்று பேரும் அந்தக் குறுகலான நடையில் நின்று சிரித்தார்கள். டீக்குத் தண்ணீர் வைக்கலாம், பால் இருக்கிறது என்று அவன் மனம் அடுப்படிக்கு ஓடிவிட்டது. அவளுடைய ஒரு கால் வெறுங்காலாகத் தரையில் இருந்தது. அதை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்போது அவள் தலைக்கு மேலே தாளின் விளிம்பு சொத்தென்று விட்டது. முழு நீளமும் அவள்மேல் சாய வந்தது. அதைப் பிடிக்கச் சட்டென்று கையை உயர்த்தினான்.

அவள் குனிந்துவிட்டாள். இரண்டு முழங்கைகளும் தலையை மூட, உடம்பைச் சுருட்டிக்கொண்டு, செருப்புத் தட்டோடு போய் ஒட்டிக்கொண்டாள். கத்தவில்லை. அடிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்கிற ஒரு சத்தம் மட்டும் வந்தது. தாள் அவள் முதுகில் விழுந்து கிடந்தது. அதோடு ஊறிப்போன பட்டியும் பெயர்ந்து தரையில் சிதறியது. பள்ளம் பழையபடி தெரிந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அண்ணன் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரித்த வாய் மூடாமல் அப்படியே நின்றிருந்தான்.

"பேப்பர்... பேப்பரைத்தான் பிடிக்க வந்தேன்" என்றான் கொத்தனார். தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது.

"தெரியுதுங்க. பேப்பருக்குத்தான்னு தெரியுது" என்றாள் அவள், முழங்கைகளுக்குள்ளிருந்து. தெரிந்தும் கைகளைக் கீழே இறக்க அவளால் முடியவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு முதுகில் கிடந்த தாளை எடுத்து, கசங்காமல், தரையில் வைத்தாள்.

"நான் வேணும்னு குனியல."

"நான் தொடவே மாட்டேன். சத்தியமா. நீ ஒரு வாரம் இருந்து..."

"நீங்க அடிக்க வரலைன்னு எனக்கே தெரிஞ்சுது. அப்பயும் குனிஞ்சுட்டேன். இன்னும் எவ்வளவு நாள் குனிவேன்னு எனக்குத் தெரியல." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பேசியிருப்பான்.

கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டாள். இந்தத் தடவை சுவரைத் தொடவில்லை, அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பையைக் கொத்தனார்தான் எடுத்துக் கொடுத்தான். கனமே இல்லை. மாற்றுத்துணி ஒன்று இருந்திருக்கலாம். ஒருநாள் இருந்து பார்க்கலாம் என்ற அளவுக்குத்தான் அவள் நம்பி வந்திருந்தாள். அந்த ஒருநாளும் போயிற்று.

"மச்சான், நீயாவது சொல்லேன்."

"என்னத்த மாப்ள சொல்றது?" என்றான் லாரிக்காரன், அவன் முகத்தைப் பார்க்காமல். "நான்தான் பார்த்தேனே."

அவர்கள் தெருமுனை திரும்பின பிறகு டெய்லர் எட்டிப் பார்த்தான். "அண்ணி வந்தாங்க போலிருக்கே. பேப்பரைப் பார்த்து என்ன சொன்னாங்க?"

"நல்லாயிருக்குன்னா."

"நான்தான் சொன்னேன்ல!" என்று டெய்லர் சந்தோஷமாக உள்ளே போய்விட்டான்.

கொத்தனார் கதவைச் சாத்திவிட்டு, கீழே கிடந்த தாளை எடுத்துச் சுவரில் வைத்து அழுத்திப் பார்த்தான். பசை முழுக்கச் சுண்ணாம்புத் தூள். பிடிக்கவில்லை. அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். மிச்சமிருந்த தாள்களை உரிக்க அவன் கையைத் தூக்கவில்லை. அவை ஒவ்வொன்றாகத் தானே விழுந்துகொண்டிருந்தன.