பின்னால் நிற்கும் ராட்சசி

போர்வெல் வண்டிக்காரர்கள் ஐந்து பேரும் குள்ளர்களையே எடுத்திருந்தார்கள். அந்த ஆன்லைன் கேமில் எட்டு இனங்கள் உண்டு. எந்த இனத்துக்கு என்ன வேலை கொடுப்பது என்பது நம் இஷ்டம். ஆனால் குள்ளர்கள் பூமியைத் தோண்டுவார்கள் என்று கேட்டதுமே ஊர் ஊராகப் போய் போர்வெல் போடும் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஐந்து குள்ளர்கள், ஐவருமே கோடாரி வீரர்கள். அடிபட்டால் உயிர் ஏற்றிவிட ஓர் ஆள் கிடையாது. நல்ல அழகு!

அந்த ஐவரில் ஒருவன் கம்ப்ரசர் ஆப்பரேட்டர் ஜெகதீஸ்வரன். துளை போடும் ரிக் வண்டியோடு சத்தீஸ்கர் போய் எட்டு மாதம். பகலெல்லாம் இரைச்சலில் நிற்பவனுக்குச் சாயங்காலம் காதும் மந்தம், பேச்சும் மந்தம். போனில் "சாப்பிட்டயா?", "ஆச்சுங்க" என்பதைத் தாண்டி எதுவும் நகராது. கேமுக்குள் வந்தால் மட்டும் மனுசனுக்கு வாய் ஓயாது. அதைக் கேட்கவே ஊரிலிருக்கும் அவன் மனைவி தேவிப்ரியா, காலேஜ் பக்கத்து ஜெராக்ஸ் கடை வேலை முடிந்ததும், ஆறாவது ஆளாக அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள்.

"எல்ஃப்னு தேவதையாட்டம் ஒரு இனம் இருக்குது, அழகா அத எடுத்துக்க. உசுரு ஏத்தற ஹீலர் வேல பாரு" என்றான் ஜெகதீஸ்வரன். எடுத்தாள். வெள்ளி முடி, ஊதினால் பறந்துவிடும் உடம்பு. குகைக்குள் நுழைந்த அரை நிமிடத்தில், அதைக் காவல் காக்கும் கல்பூதம் ஐந்து குள்ளரையும் விட்டுவிட்டு நேரே வந்து அவளை ஒரே போடு போட்டது. உயிர் ஏற்றுபவளை முடித்தால் மற்றவர்கள் தானாக முடிவார்கள் என்று அதற்காவது தெரிந்திருந்தது. ஒன்பது முறை இதே கதை.

"போதுமுங்க. ஞாயித்துக்கிழம கடைசியா ஒருவாட்டி பாப்போம். ஆவுலீன்னா டெலீட் பண்ணிரலாம்" என்றான் டிரில்லர் சிவபிரகாஷ். துளை போடுவதிலும் கேமிலும் அவன்தான் தலைவன்.

கேம் போனால் தேவிப்ரியாவுக்குக் கணவனோடு தினமும் இருக்கும் அந்த ஒரு மணி நேரமும் போகும். நினைத்தாலே அழுகை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு அவள் வந்த கோலத்தைப் பார்த்து ஐந்து பேரும் சிரித்தார்கள். ராட்சச இனம். பனைமர உயரம், கோரைப்பல், தோளில் மருந்துப் பை.

"அக்கா, ராட்சசரை வீரனுக்குத்தானுங்க எடுப்பாங்க! எல்லா வீடியோலயும் அப்பிடித்தான் சொல்றாங்க" என்றான் சிவபிரகாஷ்.

"மந்திரம் கம்மிதானுங்க. உசுரு மூணு பங்கு. ஏனுங்க தம்பி, உங்க பெரிய எஞ்சின் எந்த வண்டில இருக்குது? துளை போடறதுலயா?"

"இல்லீங்க, பின்னாடி கம்ப்ரசர் வண்டில."

"அது ஏனுங்க?"

"காத்து நின்னா குழிக்குள்ள பாறைய ஒடைக்கற ஹேமரே அடிக்காதுங்களே!" என்றான் சிவபிரகாஷ்.

"தண்ணி வந்தா தோட்டத்துக்காரங்க மால போடறது உங்களுக்கு. கம்ப்ரசர்கிட்ட நிக்கறவர யாரும் திரும்பிப் பாக்கறதில்ல. ஆனா அந்த எஞ்சின சின்னதா வெப்பீங்களா? நானும் பின்னாடிதான் நிக்கப்போறேன். அதான் பெருசா வந்துருக்கறேன்."

ஜெகதீஸ்வரனின் குள்ளன் ராட்சசியின் பக்கம் திரும்பி நின்றான்.

பூதம் வழக்கம்போல் குள்ளர்களைத் தாண்டி ஓடிவந்து அடித்தது. ராட்சசி விழவில்லை. மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. அவள் தனக்கும் முன்னால் நிற்பவர்களுக்கும் மாற்றி மாற்றி உயிர் ஏற்றிக்கொண்டே நின்றாள். பூதத்தின் முதுகு ஐந்து கோடாரிகளுக்கும் வாகாகக் கிடைத்தது. பதினோராவது நிமிடம் அது சரிந்தது; சத்தீஸ்கரில் அவர்கள் தங்கியிருந்த கொட்டகை அதிரக் கூச்சல்.

"நாளைக்கு அடுத்த குகைங்க அக்கா. நீங்க இல்லாம இறங்க மாட்டமுங்க" என்று சொல்லிவிட்டுச் சிவபிரகாஷ் கேமை விட்டுப் போனான். மற்றவர்களும் போனார்கள். குகையில் ராட்சசியும், அவள் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு குள்ளனும்தான் மிச்சம்.

"தேவி, கேம மூடு. போன்ல கூப்படறேன்."

எல்லார் முன்னாலும் அவன் வேலையைப் பற்றிப் பேசிவிட்டோமே என்று பயந்தபடியே அவள் எடுத்தாள்.

"கம்ப்ரசர் சங்கதியெல்லாம் உனக்கு ஆரு சொன்னா?"

"நீங்கதானுங்க மாமா. கல்யாணமான புதுசுல, ஆயுத பூசையன்னைக்கு வண்டிகிட்டக் கூட்டிட்டுப் போயி."

"அதையா இன்னும் ஞாபகம் வெச்சிருக்கற?"

"நீங்க சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்குதுங்க. இப்பத்தான் நீங்க ஒண்ணுமே சொல்றதில்ல."

"இன்னைக்கு இங்க என்ன ஆச்சு தெரியுமா..." என்று ஜெகதீஸ்வரன் ஆரம்பித்தான். ஒரு மணி நேரம் பேசினார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.