அட்ஜஸ்ட் பண்ணிக் குடியிருந்த வீடு

வெள்ளைத்துரைக்கு டவுன் பஸ்ஸில் கண்டக்டர் வேலை. பொழுதுக்கும் அவன் வாயில் ஒரே பேச்சுதான்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உள்ள போங்கண்ணே." எள் விழ இடமில்லாத பஸ்ஸில் அதைச் சொல்லியே இன்னும் பத்துப் பேரை ஏற்றிவிடுவான். அதோடு விட்டிருந்தால் அவன் மனைவி முத்துத்தாய்க்கு வருத்தமில்லை. மகராசன் ஆரப்பாளையத்து ஒற்றை அறை வீட்டையும் பஸ்ஸைப் போலவே நடத்தினான்.

அழகர் ஆற்றில் இறங்குகிறார் என்றால் அவன் ஊர்ச் சனம் முழுக்க மதுரைக்குக் கிளம்பிவிடும். டவுனில் சொந்தக்காரன் வீடு இருக்க, சத்திரத்தில் போய்த் தங்கினால் அது அந்த வீட்டுக்காரனுக்கே கேவலம். வருகிறோம் என்று கடுதாசி போடுகிற வழக்கமும் கிடையாது. கட்டுச்சோற்று மூட்டையோடு வந்து இறங்கிவிடுவார்கள்.

முத்துத்தாய் அஞ்சல் வழியில் எம்.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் மொழி வரலாற்றுத் தாளில் கோட்டை விட்டதற்கு இதே திருவிழாக் கூட்டம்தான் காரணம். இந்த முறையும் போனால் புத்தகங்களைப் பழைய பேப்பர்க் கடையில் போட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். திங்கட்கிழமை பரீட்சை. சனிக்கிழமை காலையிலேயே வீட்டில் கால் வைக்க இடமில்லை.

கட்டிலில் படித்தவளை, "பெரியப்பா படுக்கட்டும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க" என்றான் வெள்ளைத்துரை. அடுப்படிக்குப் போனாள். அங்கே நாத்தனார்மார் வெங்காயம் உரித்தார்கள். கடைசியில் மாடிப்படிதான் கிடைத்தது. உச்சி வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகையும் வந்துவிட்டது.

ஊர்க் கூட்டத்தோடு வந்திருந்த மாமியார் இருளாயி தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏத்தா, வெயில்ல உக்காந்து என்னத்தப் படிக்கிற?"

"அட்ஜஸ்ட்டுன்னா என்னன்னு படிக்கிறேன் அத்தெ" என்றாள் முத்துத்தாய் வெடுக்கென்று. கோபத்தில் சொன்னாலும் பொய்யில்லை. அகராதியில் அந்தப் பக்கம்தான் திறந்து கிடந்தது.

"என்னதான் போட்ருக்கு?"

"ரொம்பக் காலத்துக்கு முன்னால லத்தீன்ல பொறந்த சொல்லாம். பிரெஞ்சுக்காரங்க கிட்ட இருந்து இங்கிலீஷுக்கு வந்துச்சாம். பக்கத்துல கொண்டாந்து சேர்க்கிறதுன்னு அர்த்தம். சரிக்கட்டுறது, ஒத்துப்போறது எல்லாம் பின்னால வந்ததாம்."

இருளாயி பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். மருமகளின் காய்ந்த உதட்டையும் மடியில் கிடந்த புத்தகத்தையும் பார்த்தாள்.

"பக்கத்துல கொண்டாறதா? நாங்க அதச் சொல்லிச் சொல்லியில்ல உன்னைய மாடிப்படி வரைக்கும் தள்ளிட்டோம்."

எழுந்து போனாள். கீழே அவள் குரல் கேட்டது. பெரியப்பா உட்பட ஒருவர் பாக்கியில்லாமல் மூட்டையைத் தூக்க வைத்துவிட்டாள். ஆற்றோரச் சத்திரத்துக்குத்தான் பயணம். அந்த நேரம் பார்த்து வெள்ளைத்துரை இன்னும் இரண்டு பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"ஆத்தா, வீடு இருக்கையில சத்திரத்துக்கா? ஊருக்குள்ள என்ன சொல்லுவாய்ங்க?"

"எம் மருமவ பரீட்சைக்குப் படிக்கிறான்னு சொல்லு. கேக்குறவனுக்கும் பெருமைதான். நீயும் அங்கயே படுத்துக்க."

பஸ்ஸில் எத்தனையோ பேரை அதட்டியவன், குனிந்து ஒரு மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டான். போகிறபோது மனைவியை ஒரு தரம் பார்த்தான். பார்வையில் கொஞ்சம் வெட்கம் இருந்தது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அறை இவ்வளவு பெரிதாக இருந்து முத்துத்தாய் பார்த்ததில்லை. மனசு நிறைந்துவிட்டது. கட்டிலில் ஏறி உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தாள். இருளாயி தன் பையை எடுத்துக்கொண்டு வாசல்படி இறங்கினாள்.

"எங்க அத்தெ போறீங்க?"

"நானும் சத்திரத்துக்குத்தான். எல்லாரையும் வெரட்டிட்டு நா மட்டும் இருந்தா நல்லாவா இருக்கும்? எடைஞ்சல் வேற."

முத்துத்தாய் இறங்கி வந்து மாமியார் கையிலிருந்த பையை வாங்கி உள்ளே வைத்தாள். மறுபடி கட்டிலில் ஏறி, நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்க இருங்க அத்தெ" என்றாள். "இங்கன, எம் பக்கத்துல."