குதிரையின் இடது காது

என் பட்டறையில் எல்லாவற்றுக்கும் அச்சு உண்டு. தூணின் தலைப்பூ, கூரை ஓரத்துக் கொடி வேலை, தோட்டத்தில் நிறுத்துகிற கல் வாத்து, எதுவானாலும் சரி. மூலப்பொருளை ஒரு பெட்டிக்குள் நிறுத்தி, இரண்டு டப்பாத் திரவத்தைக் கலந்து மேலே ஊற்றினால் மறுநாள் அது இறுகி யூரித்தேன் ரப்பராகிவிடும். கையால் வளைத்தால் வளையும். அதனால் எவ்வளவு நெளிவு சுளிவான பொருளும் அதிலிருந்து நோகாமல் கழன்று வரும். அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம்தான்: தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்ளும். மரமோ மண்ணோ, முதலில் பாலிஷ் அடித்து நுண்துளைகளை அடைக்க வேண்டும். அதற்கு மேல் ஒட்டாமல் இருக்க ஸ்பிரே அடிக்க வேண்டும். பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் இதைத் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். கேட்காதவர்களைத் திட்டியும் இருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

இப்படிப்பட்டவனைத்தான் போன வருடம் என் மனைவி நம்பிக் கட்டிக்கொண்டாள். கூடவே அவள் மகளும் வந்தாள், பதினோரு வயது. அந்தப் பிள்ளையின் அப்பா லாரி ஓட்டியவர்; நோயில் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

மகள் என்னிடம் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டாள். அதுதான் என் பிரச்சினை. "தண்ணி எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள். பள்ளியில் அவளுக்கு வாயாடி என்று பெயராம். வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று டீச்சர் கூப்பிட்டுப் புகார் சொன்னபோது எனக்கு அந்த வகுப்பின் மேல் பொறாமையாக இருந்தது. அவளுக்கென்று ஒரு அலமாரி வாங்கி வைத்தேன். அது காலியாகவே நின்றது. அவளுடைய சாமான்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தன. வேண்டியதை எடுப்பாள், வேலை முடிந்ததும் உள்ளே வைத்து மூடிவிடுவாள். ஊருக்குக் கிளம்ப வண்டிக்குக் காத்திருக்கிறவள் மாதிரி.

"அவளா எடுத்து அடுக்குவா. நீங்க வாயத் திறக்காதீங்க," என்றாள் மனைவி.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் வீடு பெருக்கும்போதெல்லாம் குனிந்து அந்தப் பெட்டியைப் பார்ப்பேன். அது காலியாகிற நாளுக்காக ஏங்கினேன். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்!

பெட்டிக்குள் இருந்தவற்றில் முக்கியமானது ஒரு செஸ் செட். சரக்கு இறக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்த நேரங்களில் அவள் அப்பா பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாகச் செதுக்கிய காய்கள். அதில் வெள்ளைக் குதிரை ஒன்று, வீடு மாறி வந்த அன்று தொலைந்துபோனது. சாமான் வந்தது என் வேனில். வேனைக் கவிழ்க்காத குறையாகத் தேடினேன், கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சட்டைப் பட்டனை வைத்து அம்மாவும் மகளும் ஆடுவார்கள். பட்டன் குதிரையாகத் தாவும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் முள் தைக்கும்.

"இருக்கிற குதிரையைக் குடுத்தா, அதே மாதிரி இன்னொண்ணு பண்ணிடலாம்," என்று ஒரு நாள் மின்விசிறியைப் பார்த்துச் சொன்னேன். மின்விசிறி பாட்டுக்குச் சுற்றியது, அவள் பட்டனைத் தாவ வைத்தாள்.

பல வாரம் கழித்து ஒரு காலையில் நான் சிமெண்டுக் கையோடு திரும்பினால், மேசையில் குதிரை நிற்கிறது. பக்கத்தில் அவள்.

"இது ஒண்ணுதான் இருக்கு," என்றாள்.

"தெரியும்மா."

"காதுல இருக்கறது என் பல்லு. கைக்குழந்தையா இருந்தப்ப கடிச்சேனாம். அப்பா திட்டவே இல்லையாம்."

எடுத்துப் பார்த்தேன். இடது காதில் பொடிப்பொடியாகப் பால்பல் தடங்கள். கழுத்தில், பிடித்துப் பிடித்து வழவழத்துப் போன ஒரு இடம். அங்கே மரம் மட்டும் தேன் நிறத்தில் இருந்தது. என் கட்டைவிரலை அங்கே வைக்கத் தயங்கினேன்.

பாலிஷ் டப்பாவைத் திறந்தேன், மூடினேன், மறுபடி திறந்தேன். அடித்தால் அந்த வழவழப்பு பளபளப்பாகிவிடும். அப்புறம் அது கடையில் வாங்கிய குதிரை. அந்த மனிதரின் கை பட்ட இடத்தில் பிரஷ் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மெழுகு மட்டும் தடவினால் போதும், பிறகு துடைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். எதிலும் ஒட்டாத சிலிக்கோன் ரப்பரில் அச்சைச் செய்திருந்தால் இந்த வம்பே இல்லை. அதன் எண்ணெய் மரத்தில் கறை விடும் என்று ஒரு சாக்குச் சொல்லி அதையும் ஒதுக்கினேன். உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

மெழுகு தேய்த்த குதிரையைப் பலகையில் நிறுத்தி, சுற்றிலும் பெட்டி கட்டினேன். அவள் போகாமல் நின்றாள்.

"எடை பார்த்துச் சொல்றியா?"

இரண்டு திரவத்தையும் நான் தராசில் ஊற்ற ஊற்ற, அவள் எண்ணைப் படித்தாள். கலக்கும் குச்சியை அவளிடமே கொடுத்தேன். "ஓரத்தையும் அடியையும் வழிச்சுக் கலக்கணும். ஓரத்துல கலக்காம விட்டா அந்த இடம் மட்டும் பிசுபிசுன்னு நிக்கும்."

நான் உயரத் தூக்கி மெல்ல ஊற்றினேன்.

"ஏன் நூல் மாதிரி ஊத்தறீங்க?"

"அப்பத்தான் உள்ள இருக்கிற காத்துக் குமிழி உடையும். மூலையில ஊத்தினா அதுவா ஏறி வந்து குதிரையை மூடும். மேலேயே கொட்டினா முகத்துல குமிழி நிக்கும்."

கால் மறைந்தது, கழுத்து மறைந்தது. கடைசியில் காதுகள் மட்டும் தெரிந்தன. "மூச்சு முட்டப் போவுது அதுக்கு," என்று அவள் சிரித்தாள். என்னோடு இருந்தபோது அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க நான் யாரையும் திட்டவில்லை.

மறுநாள் அவள் பள்ளியில் இருந்தபோது பெட்டியைப் பிரித்தேன். பிளேடால் ரப்பரின் ஒரு பக்கத்தைக் கீறி விரித்தேன். உடம்பு வந்தது, கழுத்து வந்தது. தலையில் ஏதோ பிடித்தது. மெல்ல இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம்.

குதிரை கையில் இருந்தது. இடது காது இல்லை.

மெழுகு அந்தப் பல் தடங்களுக்குள் போயிருக்கவில்லை. அந்தக் குழிகளில் ரப்பர் இறங்கி மரத்தைக் கவ்விக்கொண்டது. அச்சுக்குள் எட்டிப் பார்த்தேன். அடியில் காது பத்திரமாகப் பதிந்திருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் வராததைப் பார்த்தே மனைவி வந்துவிட்டாள். நான் கத்தினால் அவளுக்குப் பயமில்லை, கத்தாவிட்டால்தான் பயம். குதிரையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்கோங்க."

"எந்தக் காதுன்னு பாத்தியா?"

பார்த்தாள். அவள் முகமும் மாறியது. "அவ வந்ததும் நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

சொன்னேன். பாலிஷ் அடிக்காமல் விட்டது என் தப்பு என்று சொன்னேன். ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் அழுதிருந்தால் தேவலை. "பரவால்லைங்க," என்றாள், அதே விருந்தாளிக் குரலில். குதிரையை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். அட்டைப்பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து இழுபடும் சத்தமும், திரும்ப உள்ளே போகும் சத்தமும் கேட்டன. போன உயிர் திரும்பி வரவில்லை எனக்கு.

விடுமுறை நாளன்று காலையில் அவளாகவே பட்டறைக்கு வந்தாள்.

"காது எங்க?"

அச்சைக் காட்டினேன். விரலை உள்ளே விட்டுத் தடவினாள். "இருக்கு," என்றாள்.

"ரப்பரை வெட்டிக் காதை எடுத்துடறேன்மா. பழசுலயே பசை போட்டு ஒட்டிடலாம். கோடு மட்டும் லேசாத் தெரியும்."

"அப்ப புதுக் குதிரை?"

"வேற அச்சு எடுத்து ஊத்தலாம்."

"அது வெறும் பிளாஸ்டிக்தானே." அச்சுக்குள் மறுபடி விரலை விட்டாள். "இதுலயே ஊத்துங்க. காது புதுசோட ஒட்டிக்கும்ல? அப்ப அதுலயும் அப்பா இருப்பாரு."

"பழசுக்குக் காது இருக்காதேம்மா."

"அப்பாவுக்கே ஒரு காது கேக்காது. லாரி சத்தம். அம்மா கத்திக் கத்திப் பேசும்."

வாசலில் நின்ற மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இடது காதுதான்," என்றாள்.

இந்த முறை ஒன்றையும் விடவில்லை. ஊற்றினால் பிளாஸ்டிக்காக இறுகும் ரெசினும் இந்த ரப்பரை விடாமல் பிடிக்கும் ஜாதி என்பதால் உள்ளே முழுக்க ஒட்டாமல் இருக்கும் திரவம் பூச வேண்டும். ஆனால் அச்சில் மாட்டியிருந்த காதின் உடைந்த பரப்பில் ஒரு சொட்டும் படக் கூடாது, அங்கே ஒட்டியே ஆக வேண்டும். பிரஷை நனைத்துவிட்டு அச்சுக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். "குடுங்க," என்று அவள் வாங்கிக்கொண்டாள். நாக்கைக் கடித்தபடி, காதைச் சுற்றிப் பூசி, காதை மட்டும் விட்டாள். கீறிய அச்சைச் சேர்த்து ரப்பர்பேண்ட் போட்டேன். வெள்ளை ரெசினை நூலாக ஊற்றியதும் அவள்தான்.

இறுகியதும் அச்சை அவள் கையிலேயே கொடுத்தேன். "இழுக்காத. அச்சை வளைச்சு விடு, அதுவா வரும்."

வளைத்தாள். உடம்பு வந்தது, கழுத்து வந்தது. தலையில் மறுபடி பிடித்தது. அவள் என்னைப் பார்த்தாள். நானும் அச்சில் கை வைத்து, அந்த மூலையை மட்டும் வெளியே திருப்பினேன். ரப்பரில் ஒரு துளி பிய்ந்து, குதிரை வெளியே வந்தது. ஒரு காது பிளாஸ்டிக், ஒரு காது மரம். மரக் காதில் ஒட்டியிருந்த ரப்பரை ஊசியால் சுரண்டச் சுரண்ட, பால்பற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் பலகையை விரித்து என்னை ஆடக் கூப்பிட்டாள். வெள்ளை அவளுக்கு. ஒற்றைக் காதுக் குதிரையும் புதுக் குதிரையும் இரண்டு பக்கமும் நின்றன. நடு ஆட்டத்தில் புதுக் குதிரை என் யானைக்கு நேரே வந்து மாட்டியது. நான் ஒரு சிப்பாயை நகர்த்தினேன்.

"ஏன் வெட்டல?"

"கவனிக்கல."

"பொய். விட்டுக்குடுத்தா எனக்குப் பிடிக்காது. வெட்டுங்க."

வெட்டினேன். அடுத்த கொஞ்ச நேரத்தில் தோற்றும் போனேன். காய்களை எடுத்து வைக்காமலே அவள் தூங்கப் போனாள்.

மறுநாள் காலையில், அந்த அச்சைத் தூசி படாமல் எங்கே வைப்பது என்று பட்டறையில் இடம் தேடிக்கொண்டிருந்தேன். அவள் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலிப் பெட்டி.

"இதுல வைங்க."

"உன் சாமானெல்லாம்?"

"அலமாரியில அடுக்கிட்டேன்." போகத் திரும்பியவள் நின்றாள். "அந்த அலமாரிக் கதவு என்ன இப்படிக் கத்துது? எண்ணெய் போட மாட்டீங்களா? வாங்கினதோட சரியா?"

யாராவது அந்தக் குரலில் என்னிடம் பேசினால் நான் பேசுகிற பேச்சே வேறு. அன்று, "இதோ போடறேன்மா," என்று எண்ணெய் டப்பாவைத் தேடினேன். கண் முன்னாலேயே இருந்த டப்பா, கண்ணில் நீர் நிறைந்திருந்ததால் வெகு நேரம் எனக்குத் தெரியவில்லை.