மூச்சு விடும் பலகை

இரண்டு மாதமாகக் காளிதாஸுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சிங்கப்பூரில் வேலை முடிந்து, எல்லைப் பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளை உருட்டி, தம்போய் வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றுகிறானோ இல்லையோ, நேரே சமையலறைக்குள் புகுந்துவிடுவான். மனுஷன் பசியோடு வருகிறான் என்று நினைத்தால் நாம்தான் ஏமாளிகள். அங்கே அவனுக்காகக் காத்திருப்பது மூன்று பலகைத் துண்டுகள்.

விஷயம் இதுதான். லாபிஸ் ஊரில், மனைவி கஸ்தூரியின் பங்காக வந்த நிலத்தில், வீடு பாதி எழும்பி நிற்கிறது. சுவர் முடிந்தது, கூரைக்குச் சட்டமும் அடித்தாயிற்று. சட்டங்களுக்கு நடுவே சூடு இறங்காமல் இருக்கத் தென்னை நாரை அடைத்து, அதன்மேல் பலகை அடித்து, அதற்கும் மேலே ஓடு போட வேண்டும். எந்தப் பலகை என்பதில்தான் வந்தது தலைவலி.

கஸ்தூரிக்கு மூச்சிழுப்பு. தம்போய் வீட்டில் குடியேறிய பிறகு வந்தது. வெக்கை தாங்கவில்லை என்று அந்தக் கூரைக்கு அடியில் அலுமினியத் தாளை ஒட்ட வைத்தவன் காளிதாஸ்தான். வெக்கை குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் ஈரம் வெளியே போக வழியில்லாமல் விட்டமெல்லாம் கருப்புப் பூசணம் பூத்துவிட்டது. துடைக்கத் துடைக்க வந்தது. மழைக்காலம் பிடிப்பதற்குள் அவளை அந்த வீட்டைவிட்டுக் கிளப்பியாக வேண்டும், புது வீட்டுக் கூரை ஈரத்தை வெளியே விடுகிற கூரையாக இருக்க வேண்டும். இன்னொரு தடவை தப்பாகத் தேர்ந்தெடுத்துவிடுவோமோ என்ற பயம் அவனைப் பிடித்து ஆட்டியது.

லாபிஸில் வீட்டைக் கட்டித் தரும் குத்தகைக்காரர் பிரெட்ரிக் தினமும் போன் அடித்தார்.

"தம்பி, தாள் ஒட்டி பிளைவுட் அடிச்சா வேல சுருக்கா முடிஞ்சிரும். ஊர்ல எல்லாரும் அதான போடுறாங்க."

"அதப் போட்டுத்தான அண்ணே அவ இங்க இழுத்துக்கிட்டுக் கெடக்கா."

"சரி, அப்ப வேற ஒன்னச் சொல்லுங்க லா! மழை வருது. கூரைக்குக் கென்வஸ் துணி கட்டி எத்தன நாளைக்கு ஓட்டுறது?"

"சொல்றேன் அண்ணே, சொல்றேன்."

எங்கே சொன்னான்? கடைக்காரன் கொடுத்த மூன்று மாதிரித் துண்டுகள் இருந்தன. ஒன்று மரநாரை அழுத்திச் செய்தது, ஒன்று மரச்சுருளைச் சிமெண்டில் தோய்த்தது, மற்றது தென்னை நாரை அழுத்திச் செய்தது. மூன்றும் மூச்சு விடும், ஈரம் தங்காது என்று கடைக்காரன் சொன்னதை அவன் நம்புவானா? பதினைந்து வருஷமாகத் தொழிற்சாலையில் பொருளைச் சோதித்துப் பார்த்துத் தள்ளுகிற வேலை பார்ப்பவன். இட்லிச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டான். மூடிக்குப் பதிலாகப் பலகையை வைத்தான். அதன்மேல் கஸ்தூரியின் முகக் கண்ணாடியைப் பிடித்து, எந்தப் பலகை வழியாக ஆவி சீக்கிரம் ஏறி வந்து கண்ணாடியை மங்கவைக்கிறது என்று பார்த்தான். காற்று அடித்தால் கணக்குக் கெட்டுப்போகும் என்று ஜன்னலைச் சாத்தினான், விசிறியை அணைத்தான். ஒரு நாள் மரநார் முந்தியது, மறுநாள் தென்னை நார் முந்தியது. மறுபடியும் சட்டியை ஏற்றினான்.

இட்லி அவியாத இட்லிச் சட்டி சாயங்காலம் முழுக்கக் கொதித்துக்கொண்டே இருந்தது. சுவரில் தண்ணீர் வழிந்தது.

"ஏங்க, நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு" என்று கஸ்தூரி வாசற்படியில் நின்று சொல்வாள்.

"கிளைமேட் அப்படி. இங்க வா, இந்தக் கண்ணாடியப் பாரேன்! சிமெண்டு பலககூட பரவால்லாம மூச்சு விடுது."

அவள் பார்த்துவிட்டுப் போவாள். பாவம், தனக்காகத்தானே இந்தப் பாடு படுகிறான் என்று வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அவள்மேலும் கோபம்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் வெளியே மழை பிடித்துக்கொண்டது. உள்ளே சட்டி கொதித்தது. கஸ்தூரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஜன்னலக் கொஞ்சம் தொறங்களேன்."

"அஞ்சு நிமிஷம் பொறு. இப்பத்தான் மங்க ஆரம்பிக்குது."

சற்றுப் பொறுத்து மறுபடியும் கேட்டாள். குரல் எழும்பவில்லை. அவன் கண்ணாடியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தட்டு விழுந்து உடைந்த சத்தத்தில்தான் திரும்பினான். அவள் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கையிலிருந்த மருந்துக் குழலை அழுத்தி அழுத்தி இழுக்கிறாள், உள்ளே ஒன்றும் இறங்கவில்லை.

"அலமாக்! கஸ்தூரி!"

எப்படித் தூக்கினான், வாசலில் நின்ற காரை எப்படி ஓட்டினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. கிளினிக்கில் முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். டாக்டர் அபிகெயில் அவன் பக்கம் திரும்பினார்.

"கொஞ்ச நாளா வீட்டுல என்ன மாறியிருக்கு? புகை, பெயிண்ட், ஏதாச்சும்?"

"ஒன்னும் இல்லங்க டாக்டர்..." என்று ஆரம்பித்தவன் கட்டில் பக்கம் பார்த்தான். கஸ்தூரி முகமூடிக்கு மேலே அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி கொதிக்க வெப்பேன். டெய்லி. பலகைய டெஸ்ட் பண்ண."

"ஜன்னல் தொறந்துதானே?"

"இல்லங்க, சாத்தித்தான் வெப்பேன்" என்றான். பூசணம் பூத்த வீட்டை அடைத்துப்போட்டு, அவளை உள்ளே வைத்தே அவித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வெளியே வந்து பிரெட்ரிக்கைக் கூப்பிட்டான்.

"அண்ணே, பலகைய ஏத்துங்க."

"எது தம்பி?"

"மூணுமே மூச்சு விடுது அண்ணே. ஏதோ முன்னப்பின்ன, அவ்ளோதான். கடையில இன்னிக்கு எது இருக்கோ அத எடுங்க."

"இது எப்பத் தெரிஞ்சது?"

"மொத வாரமே."

பிரெட்ரிக் லாரிக்குச் சொல்லிவிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

உள்ளே கஸ்தூரி முகமூடியை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியிருந்தது.

"பலகைக்குச் சொல்லிட்டேன் புள்ள. ரெண்டு வாரத்துல கூரை போட்டுரலாம்."

"யோகேஸ்வரிக்குப் போன் பண்ணிட்டேன், வந்துக்கிட்டு இருக்கா. கூரை போடுற வரைக்கும் அவ வீட்டுல இருந்துக்கிறேன்."

"உன் தங்கச்சி எதுக்கு இம்புட்டு தூரம் வரணும்? நானே கொண்டுபோயி விடுறேன். நானும் உங்கூடவே இருக்கேன்."

"வேணாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவள் அலுப்போடு சொன்னாள்.

"எனக்காகத்தான் எல்லாம் செஞ்சீங்க, தெரியும். ஆனா நான் உங்ககிட்ட கேட்டது ஜன்னலத் தொறக்கத்தாங்க."